லேமினேஷன் போட்ட கட்டுரை

தங்கராசு மாமா டேப்பைப் பல்லால் கடித்து அறுத்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் நாலாவது மூலையையும் ஒட்டினார். இரண்டடி பின்னால் போய், கோணலாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோணலாகத்தான் இருந்தது. பிய்த்து மறுபடி ஒட்டினார். சாவு வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, மனுஷன் இதற்குக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் காசிலிங்கம் கிடந்தார். தாடையைத் தலையோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தார்கள். நெஞ்சுக்கு நேர் மேலே, கண்ணாடிக்கு வெளியே, அவர் மகள் ஸ்கூலில் எழுதிய ஆங்கிலக் கட்டுரை. ஒரே பக்கம், லேமினேஷன் போட்டது. மேலே சிவப்பு மையில் வட்டம் போட்டு மார்க்கு.

"உங்கப்பன் எவன் வந்தாலும் இத்தத்தான் காட்டினு இருப்பான். வர்றவங்க பாக்கட்டும்" என்றார் மாமா.

சத்யப்ரியா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்தத் தெருவிலேயே தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அதில் அவள் அப்பா செத்துப்போகிறார்.

நேற்று விடியற்காலை உப்பளத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த காசிலிங்கம், பலகையைப் போட்டுவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். பக்கத்துப் பாத்திக்காரர் சேட்டு ஓடிவந்து, அவரைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருத்தரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி மரக்காணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து ஆம்புலன்ஸ் புதுச்சேரிக்குக் கிளம்பியது. கீழ்ப்புத்துப்பட்டு தாண்டும்போது உயிர் போய்விட்டது. ஐம்பத்தி நாலு வயது. ஒரு நாள் கூடக் காய்ச்சல் என்று படுத்தவர் இல்லை.

கட்டுரையின் முதல் வரியும் அதுதான். 'அப்பா வரப்பில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.' அதை அவள் எழுதியது போன ஆவணியில்.

குயிலாப்பாளையம் தாண்டி, முந்திரிக் காட்டுக்கு நடுவே இருந்தது அவள் படித்த ஸ்கூல். பிளஸ் ஒன்னுக்கு அங்கே அமெரிக்கப் பாடத்திட்டம். ஆரோவில்லில் பாத்திரம் தேய்க்கப் போகிற ஜெயா, அவள் அம்மா, அங்கே ஒரு வெள்ளைக்கார அம்மாவிடம் கேட்டுக் கெஞ்சி வாங்கிய சீட்டு. சரித்திரம், கணக்கு எல்லாம் எப்படியோ போயிற்று. அமெரிக்க இலக்கியமும் கட்டுரையும் என்று ஒரு பாடம் இருந்தது பாருங்கள், அதுதான் உயிரை வாங்கியது. நூறு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கதைகள். திமிங்கலம் பிடிக்கிறவன், பஞ்சுக் காட்டில் அடிமையாகக் கிடந்தவள், மரம் வெட்டி ரயில் ரோடு போடுகிறவன். ஒவ்வொரு பக்கத்து ஓரத்திலும் பென்சிலால் குறிப்பு எழுத வேண்டும். அப்புறம் கட்டுரை. அதைத் திருத்தி இன்னொரு கட்டுரை. அதையும் திருத்தி இன்னொன்று.

அருள்மொழி டீச்சர் வானூர்க்காரி. ஆனால் கட்டுரை விஷயத்தில் இரக்கமே கிடையாது. "அழுதாள்னு எழுதாதே. அழுதுட்டு அடுத்தது என்ன செஞ்சாள்னு எழுது" என்பதை ஒரு வருஷத்தில் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஆவணியில் படித்தது ஒரு பனிப் பிரதேசத்துக் கதை. மார்கழிக் குளிரில் ஒரு வீட்டுப் பெரியவர் செத்துப்போகிறார். தரை கல்லாக உறைந்து கிடப்பதால் குழி தோண்ட முடியவில்லை. பனி உருகுகிறவரைக்கும் உடம்பை மாட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் அந்த வீட்டுப் பெண் தினமும் அதே கொட்டகையில் பால் கறக்கிறாள். கதை அவ்வளவுதான். படித்து முடித்ததும் டீச்சர், உங்கள் வீட்டில் நடக்காத ஒரு சாவை எழுதிக்கொண்டு வாருங்கள், கண்ணீர் ஒரு சொட்டு கூட இருக்கக் கூடாது என்றாள்.

யாரைச் சாகவைப்பது என்று சத்யப்ரியா அரை நாள் யோசித்தாள். அம்மாவைப் பற்றி ஒரு வரி கூட வரவில்லை. அப்பா என்றால் எழுத வந்தது. பேனா ஓடியது. அதுதான் இப்போது உறுத்தியது. அப்பாவைக் கொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. வகுப்பில் டீச்சர் அதை வாசித்தபோது பின் பெஞ்சில் ஒரு வெள்ளைக்காரப் பெண் மூக்கை உறிஞ்சினாள். சத்யப்ரியாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் வாழ்க்கையில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. பஸ்ஸில் மரக்காணம் வரைக்கும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பா தாளை எடுத்துப் பார்த்தார். சிவப்பு மார்க்கைத் தடவினார். என்னத்தப் பத்தி எழுதின என்று கேட்டார். உப்பளத்தப் பத்திப்பா என்றாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நாலு நாள் கழித்து அது லேமினேஷனோடு உப்பளத்துக் கொட்டாயில் ஆணியில் தொங்கியது. உப்பு ஏற்ற வருகிற லாரிக்காரன், டீ கொண்டுவருகிற அம்மா, சும்மா அந்தப் பக்கம் போட்டோ எடுக்க வருகிற பட்டணத்துக்காரர்கள், யார் வந்தாலும் 'எம் பொண்ணு எழுதனது' என்று காட்டினார். இங்கிலீஷ் தெரிந்தவன் எவனாவது சத்தமாகப் படித்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குப் பயம் இருந்துகொண்டே இருந்தது. பரீட்சை நெருங்கிய பிறகு அதையும் மறந்துவிட்டாள்.

இப்போது அது பெட்டி மேல் இருந்தது. கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்து, சொட்டுச் சொட்டாக இறங்கியது. பந்தல்காரன் கொண்டுவந்த கேனிலிருந்து காகிதக் கப்பில் டீ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாயசம் தோற்றது, அவ்வளவு சர்க்கரை. மாமா தன் சட்டைப் பையில் டேப்பை வைக்க மறந்து அதைக் கையிலேயே மாட்டிக்கொண்டு அலைந்தார். இதையெல்லாம் அவள் கண் பார்த்துக்கொண்டே இருந்தது. பார்த்ததெல்லாம் மண்டைக்குள் இங்கிலீஷில் வாக்கியமாக வேறு நின்றது. சீ, நானெல்லாம் ஒரு பெண்ணா என்று இருந்தது அவளுக்கு. அழுகை மட்டும் வரவில்லை.

பதினோரு மணிக்கு மேல் அருள்மொழி டீச்சர் வந்தாள். மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் அந்தத் தாள் பட்டது. ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு திரும்பி சத்யப்ரியாவைப் பார்த்தாள்.

தங்கராசு மாமாவுக்கு யார் டீச்சர் என்று தெரிந்ததுதான் தாமதம், யோசனை வந்துவிட்டது. பந்தலில் மைக் செட் இருக்கிறது. காலையிலிருந்து அதே நாலு பாட்டு ஓடுகிறது. மூணு மணிக்கு எடுப்பதற்கு முன்னால் டீச்சர் இந்தக் கட்டுரையைப் படித்து, தமிழில் நாலு வார்த்தை சொன்னால் எப்படி இருக்கும்? உப்பளத்தைப் பற்றி எழுதியது, உப்பளத்தில் இருந்தவன் காதில் விழுந்துவிட்டுப் போகட்டுமே. அவர் அதை எல்லாரிடமும் போய்ச் சொன்னார். எல்லாரும் நல்லதுதான் என்றார்கள்.

சத்யப்ரியா அம்மாவிடம் போய் வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். ஜெயா பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து அழுது அவள் குரல் முழுசாகப் போய்விட்டது. காற்றுத்தான் வந்தது.

"படிக்கட்டும்டி. எனக்குப் படிச்சுக் காட்டவே இல்ல நீ. நானும் கேக்கணும்" என்றாள்.

அதற்கு மேல் என்ன சொல்ல? டீச்சர் அவளை வீட்டுக்குப் பின்பக்கம் அழைத்துப் போனாள். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். உப்பளம், வெயில், அப்பாவின் உழைப்பு என்று ஏதோ சொல்லி முடித்துவிடலாம், ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. பொய்யாக ஒரு வார்த்தை கூட எழுதாதே என்று சிவப்பு மையைத் தீர்த்தவள், இப்போது கைகளைப் பிசைந்துகொண்டு பொய் சொல்கிறேன் என்றாள். சத்யப்ரியா தலையை ஆட்டினாள். சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

டீச்சர் உள்ளே போனதும் சத்யப்ரியா பைப்படியில் சேட்டு சித்தப்பா கால் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நேற்றுக் காலை அப்பாவைத் தூக்கிய அதே சட்டை. தோளில் உப்பு பூத்திருந்தது. எத்தனை தடவை கழுவினாலும் அந்தக் காலில் வெள்ளை போகாது. அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். திண்டிவனம் பக்கம் மேகம் கறுத்திருந்தது. சித்திரையில் இப்படி ஒரு மழை வந்து மூன்று நாள் உப்பைக் கரைத்துவிட்டுப் போவது வழக்கம்தான்.

ஏன் அவரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது.

"சித்தப்பா, அந்தப் பேப்பர எடுக்கச் சொல்லுங்க. அதுல இருக்கறது உப்பளம் இல்ல."

சேட்டு குழாயை மூடினார்.

"தெரியும்மா."

அவளுக்குப் புரியவில்லை.

"என் போன்ல போட்டோ புடிச்சா தமிழ்ல படிச்சுக் காட்டும். எம் பையன் போட்டுக் கொடுத்தது. நீ வீட்டுக்கு எடுத்தாந்த மறுநாளே அண்ணன் இத்த எடுத்துனு வந்தாரு, படிக்கச் சொல்லுடான்னாரு. மத்தியானம் சாப்பிட்டுட்டு கொட்டாயில உக்காந்து கேட்டோம்."

"என்னா படிச்சுது?"

"அந்தப் பொம்பள கொரல்ல, தந்தை காலமானார், தந்தை காலமானார்னு சொல்லினே இருந்துது. பாதி ஒண்ணும் வெளங்கல. ஆனா வெளங்க வேண்டியது வெளங்கிச்சு. அண்ணன் இன்னொரு வாட்டி போடச் சொன்னாரு."

சத்யப்ரியா துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசித்தது கிடக்கட்டும், ஒரு போன் பொம்பளை குரலில் அப்பா தன் சாவைத் தானே உட்கார்ந்து கேட்டிருக்கிறார். அதுவும் ரசச் சோறு சாப்பிட்டுவிட்டு. அதுவும் இரண்டு தடவை.

"கோவப்பட்டாரா?"

சேட்டு யோசித்தார். அவர் சும்மா ஆறுதலுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

"போன அணைக்கச் சொன்னாரு. அப்புறம் எழுந்து போய் ரெண்டு பாத்தி வாரினாரு. டீ வந்தப்பதான் வாயத் தொறந்தாரு. எல்லாம் சரியாத்தான்டா எழுதிக்குது, டீல நான் சக்கர கம்மியா கேக்கறது கூட வந்துடுச்சு, ஒண்ணே ஒண்ணுதான் தப்புன்னாரு."

"எது?"

"கடைசில நீ, மூணு நாள் கழிச்சுப் போய்ப் பாத்தா யாரும் வாரல, மழ பேஞ்சு பாத்தி தண்ணியாக் கெடந்துச்சுன்னு எழுதிட்டியே. அதாம்மா. எங்கள்ல ஒருத்தன் செத்தா, பக்கத்துப் பாத்திக்காரன் தன்னோடத விட்டுட்டு அவனோடத மொதல்ல வாருவான். செத்தவன் உப்ப மழைக்கு விடற பழக்கம் கெடையாது. எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான். இது தெரியல பாருடா எம் பொண்ணுக்குன்னு சிரிச்சாரு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வருஷம் உப்பளத்துக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள், அந்த ஒரு விஷயத்தைத்தான் அழகாக இருக்கிறது என்று இட்டுக்கட்டியிருந்தாள். டீச்சர் அந்தக் கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, பிரமாதம் என்று எழுதியிருந்தாள்.

"உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா சங்கடப்படுவ, அடுத்து எழுதறப்ப கை கூசும்னாரு. அதுக்கப்புறந்தான் போய் லேமினேஷன் போட்டாரு" என்றார் சேட்டு.

அதுக்கப்புறந்தான். சத்யப்ரியா அதை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பந்தலுக்குப் போனாள்.

மூணு மணிக்குப் பாட்டை நிறுத்தினார்கள். தங்கராசு மாமா மைக்கைத் தட்டிப் பார்த்து, இரண்டு தடவை ஹலோ சொல்லி, நம்ம பாப்பாவோட டீச்சர் இப்போ பேசுவாங்க என்று அறிவித்தார். டீச்சர் எழுந்தாள். அதற்குள் சத்யப்ரியா பெட்டி மேலிருந்து தாளை டேப்போடு பிய்த்து எடுத்துவிட்டாள். தானே படிப்பதாகச் சொல்லி மைக்கை வாங்கினாள். டீச்சர் உட்கார்ந்தாள்.

இங்கிலீஷை அவள் தொடவே இல்லை. தாளைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்.

"எங்கப்பா வரப்புல உக்காந்தாரு. எழுந்திரிக்கல."

பந்தலில் பேச்சு நின்றது. யாரோ ஒரு கிழவி, ஐயோ நேத்து நடந்ததை எழுதிவச்சிருக்குதே என்று முனகினாள். நேற்று நடந்தது இல்லை, போன ஆவணியில் எழுதியது என்று சத்யப்ரியா மைக்கிலேயே சொன்னாள். மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. அவள் நிறுத்தவில்லை. கட்டுரையில், ஸ்கூலிலிருந்து வருகிற பெண்ணைத் தெரு முனையிலேயே நிறுத்திக் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவள் பையை இறக்கி வைத்துவிட்டு வந்தவர்களுக்கு டீ போடுகிறாள். அப்பாவுக்குப் போட்டுப் போட்டுப் பழகிய கை, எல்லாருக்கும் சர்க்கரையைக் குறைத்துப் போட்டுவிடுகிறது. ஒருத்தரும் குறை சொல்லாமல் குடிக்கிறார்கள். சொல்லும்போது இரண்டு இடத்தில் நின்று, தாளில் வரியை விரலால் தேடிப் பிடித்து மேலே போனாள்.

கடைசிப் பத்தி வந்தது. டீச்சர் கோடு போட்ட வரி. சத்யப்ரியா தாளைக் கீழே இறக்கினாள்.

"அப்பாவோட பாத்தி சும்மா கெடக்கல. சேட்டு சித்தப்பா போய் வாரிட்டாரு. மழை அப்புறந்தான் வந்துச்சு" என்று முடித்தாள்.

மைக்கை வைத்துவிட்டு அம்மாவிடம் வந்து உட்கார்ந்தாள். ஜெயா அவளைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் கூட அந்த இருவரையும் விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஆவணிலயே எழுதினியா?" என்றாள் ஜெயா, காற்றாக.

"ம்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

ஜெயா மகளின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. பெட்டியைத் திறந்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். கட்டுரையை உடம்போடு வைத்துவிடலாம் என்றார் ஒருவர். பிளாஸ்டிக்கை நெருப்பில் போடக் கூடாது, நாற்றம் பிடுங்கும் என்றார் இன்னொருவர். லேமினேஷனைப் பிரித்தால் தாளும் சேர்ந்து கிழியும். அது சத்யப்ரியா கையிலேயே இருந்துவிட்டது. மேளம் அடித்தது. தூக்கினார்கள். அப்போதுதான் அவள் அழுதாள், அம்மாவின் தோளில் முகத்தை வைத்து, வாய்விட்டு, கணக்கில்லாமல். எந்த டீச்சர் சொன்னாலும் அடங்காத அழுகை.

பெண்கள் முச்சந்தியோடு நின்றுவிட வேண்டும். அதற்கு மேல் சுடுகாட்டுப் பாதை, ஆண்கள் மட்டும்தான். பாடை திரும்பி வேலிக்காத்தான் புதர்களுக்குப் பின்னால் மறைந்தது. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீடு கழுவணும், தண்ணி பிடிக்கணும் என்று திரும்ப ஆரம்பித்தார்கள்.

தங்கராசு மாமா மட்டும் வழியில் நின்று யாரையோ தேடினார். பிறகு கத்திவிட்டுப் போனார், இந்த சேட்டு எங்கே தொலைந்தான், கூடவே வேலை செய்தவன் சுடுகாடு வரைக்கும் வரவில்லையே, என்ன மனுஷன் என்று.

சத்யப்ரியா முச்சந்தியிலேயே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம் முழுக்கத் தெரியும். ஊரே சாவுக்கு வந்துவிட்டதால் பாத்திகளில் ஆள் இல்லை. மேற்கே வானம் முக்கால்வாசி கறுத்திருந்தது. அப்பாவின் பாத்தியில் மட்டும் ஒருத்தர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குனிந்து பலகையை இழுத்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் உப்பு முட்டி உயரத்துக்குக் குவிந்திருந்தது. பக்கத்தில் சுருட்டின தார்ப்பாய். அவருடைய சொந்தப் பாத்தி இன்னும் வாராமல் வெள்ளையாகக் கிடந்தது.

அம்மா கூப்பிட்டாள். இதோ என்றாள். முதல் சொட்டு அவள் கையிலிருந்த தாளின் மேல் விழுந்தது. அதைத் தாவணியால் துடைத்துவிட்டு, அவர் தார்ப்பாயை விரிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.